மூன்று மைக்ரோ நொடிச் சுருக்கு: பிளாஸ்மா ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது

அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் யூனிட் இரண்டு உண்டு. இரண்டும் முழு வீச்சில் ஓடினால் 1,200 மெகாவாட். ஒரு கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் அடங்கிவிடும் சிறிய பிளாஸ்மா ஃபோகஸ் கருவி கிட்டத்தட்ட அதே திறனை ஒற்றை ஆளாகக் கொட்டும். ஆனால் சுமார் 2.8 மைக்ரோ நொடிக்கு மட்டும். ஒரு நொடியை மூன்றரை லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு அது. கொட்டிய ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் 3,375 ஜூல்தான் தேறும். 100 மில்லி தண்ணீரை 8 டிகிரி சூடேற்றும், டீ போடக்கூடக் காணாது. கரன்ட் பில் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆயிரம் முறைக்கு மேல் இந்தக் கருவியைச் சுடலாம்.

பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மின்சாரம் கடத்தும் சூடான வாயு. அதை நெரித்துக் குவிப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. இத்தனூண்டு ஆற்றலை வைத்துக்கொண்டு அணுக்கரு இணைவை, அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றாக்குவதை, நடத்திவிட முடிகிறது என்பதுதான் இதன் கவர்ச்சி. எப்படி என்றால், ஆற்றலை முதலில் நேரத்தில் சுருக்குகிறார்கள், பிறகு இடத்தில் சுருக்குகிறார்கள். இரண்டு சுருக்கும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் வெறும் ‘டமார்’ சத்தம் மட்டுமே மிஞ்சும். கருவியின் ஒவ்வொரு பாகமும், அதில் வரும் ஒவ்வொரு கோளாறும் இந்தச் சந்திப்பைச் சுற்றியே நடக்கிறது.

எரிபொருள்

சாதாரண ஹைட்ரஜன் அணுக்கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். கூடவே ஒரு நியூட்ரானும் இருந்தால் அது டியூட்டீரியம். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,400-க்கு ஒன்று இப்படிப்பட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு லிட்டர் அள்ளினால், மிதக்கும் எண்ணெயையும் அடியில் படிந்த சாம்பலையும் கழித்துவிட்டாலும், அதற்குள் 33 மில்லிகிராம் டியூட்டீரியம் இருக்கும். பிரித்தெடுப்பதுதான் பாடு. ஆய்வகங்கள் அதைச் சிலிண்டரில் வாயுவாக வாங்குகின்றன, அல்லது கனநீரை மின்னாற்பகுத்துத் தயாரித்துக்கொள்கின்றன.

இரண்டு டியூட்டீரியக் கருக்கள் மோதி இணைந்தால், ஏறக்குறைய பாதி முறை ஹீலியம்-3-உம் 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட நியூட்ரானும் பிறக்கும். மறுபாதி முறை டிரிட்டியமும் புரோட்டானும் பிறக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது என்பதால் அது எஃகுச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிடும். எனவே வெளியே நின்று நியூட்ரானை எண்ணினால் உள்ளே எத்தனை இணைவு நடந்தது என்று தெரியும். இரண்டு கருவும் நேர்மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி நெருங்க வேகம் வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பதற்குத்தான் இத்தனை இரும்பும் செம்பும்.

பாகங்கள்

1950-களின் நடுவில் சோவியத் நாட்டில் ஃபிலிப்போவும், 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மேத்தரும் தனித்தனியாக இந்தக் கருவிக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபிலிப்போவ் வகையில் நடு மின்முனை அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். மேத்தர் வகையில் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பார்ப்பது மேத்தர் வகை. அதற்குக் காரணம் 1985-86-இல் மலேசியாவின் மலாயா பல்கலைக்கழகத்தில் சிங் லீ தலைமையில் வளரும் நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்ட யு.என்.யு./ஐ.சி.டி.பி. கருவி (ஐ.நா. பல்கலைக்கழகம், சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் ஆகியவற்றின் சுருக்கப் பெயர்). மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்டும் ஒரே ஒரு கெபாசிட்டரில் ஓடும், பழுது பார்க்க எளிது, நம் நாட்டுக்கும் வந்தது. இங்கே சொல்லும் எண்கள் அந்தக் கருவியுடையவை.

இதயம் 30 மைக்ரோஃபாரட், 15 கிலோவோல்ட் கெபாசிட்டர். அதிலிருந்து ஸ்பார்க் கேப் எனும் பொறி ஸ்விட்ச் வழியாக மின்சாரம் வெற்றிடக் கலத்துக்குப் போகும். கலத்தின் நடுவே செம்பு ஆனோடு (நேர்மின்முனை): ஆரம் 9.5 மி.மீ., நீளம் 160 மி.மீ. அதைச் சுற்றி 32 மி.மீ. ஆரத்தில் ஆறு செம்புக் கம்பிகள் கூண்டு போல நிற்கும், அவைதான் கேத்தோடு (எதிர்மின்முனை). ஆனோடின் அடிப்பகுதியில் ஒரு பைரெக்ஸ் கண்ணாடிக் குழாய் உறை போல மாட்டியிருக்கும். பார்க்க அற்பமான பொருள், ஆனால் மொத்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் அதன் கையில். ஆனோடின் மேல்முனை குழிவாகக் கடையப்பட்டிருக்கும். காரணம் பின்னால் வரும்.

பாரிமுனைத் தெருக்களில் தேடினால் பைரெக்ஸ் குழாய், ஓ-ரிங், செம்புக் கம்பி எல்லாம் கிடைத்துவிடும். கெபாசிட்டர் கிடைக்காது. தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டருக்கு மாட்டும் கெபாசிட்டரை அடுக்கிச் சமாளிக்கலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். முடியாது. அவற்றின் உள்ளேயே இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென ஏறவோ இறங்கவோ விடாத தன்மை) அதிகம், லட்சக்கணக்கான ஆம்பியர் திரும்பத் திரும்பத் திசை மாறி ஓடுவதை அவற்றின் உள்இணைப்புகள் தாங்கா.

ஒரு சுடுதலில் நடப்பது

கலத்தை ரோட்டரி பம்ப் வைத்து 0.01 மில்லிபாருக்குக் கீழே இறக்கி, டியூட்டீரியத்தை 4 அல்லது 5 மில்லிபார் வரை நிரப்புகிறார்கள். கெபாசிட்டரை நிதானமாக மின்னேற்றி ஸ்பார்க் கேப்பைத் தட்டுகிறார்கள். மனிதக் கை செய்வது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மூன்று மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும்.

முதலில் பைரெக்ஸ் உறையின் மேற்பரப்பை ஒட்டி வாயு முறிந்து, சுற்றிலும் சீரான ஒரு மின்படலம் உருவாகிறது. ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே குடைத்துணி மாதிரி விரிந்து நிற்கும் பிளாஸ்மா அது. அதில் ஓடும் மின்னோட்டமே உண்டாக்கும் காந்தப்புலம் பின்னாலிருந்து அதைத் தள்ள, படலம் ஆனோடின் நுனியை நோக்கி ஓடுகிறது. மழை நின்றபின் வியாசர்பாடி வீடுகளில் புகுந்த தண்ணீரைத் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடைப்பம் முன்னேற முன்னேற அதன் முன்னால் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும், ஓரங்களில் கொஞ்சம் நழுவும். இங்கே நழுவுவது கொஞ்சமல்ல, வழியிலுள்ள வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் படலத்தோடு போகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 100 கி.மீ. வரை ஏறும்.

படலம் 160 மி.மீ. ஓடி நுனியை அடையும் நேரமும், கெபாசிட்டரின் மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே சொன்ன சந்திப்பு இதுதான். மின்சுற்றின் இண்டக்டன்ஸ் 110 நானோஹென்றி, கெபாசிட்டர் 30 மைக்ரோஃபாரட் என்றால் உச்சம் சுமார் 2.8 மைக்ரோ நொடியில் வரும். ஆனோடின் நீளத்தை அதற்கேற்பத்தான் தீர்மானித்திருக்கிறார்கள். உச்ச மின்னோட்டம் ஏறக்குறைய 1,75,000 ஆம்பியர், திருவொற்றியூர் பட்டறையில் ஆர்க் வெல்டிங் மெஷின் கொடுப்பதைப் போல ஆயிரம் மடங்கு.

நுனியைத் தாண்டியதும் படலத்தின் உள்விளிம்புக்குப் பிடிமானம் போய்விடுகிறது. காந்த அழுத்தம் அதை அச்சை நோக்கி நெரிக்கிறது. காசிமேட்டில் சுருக்கு வலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டமாக விட்ட வலையின் அடிக்கயிற்றை இழுத்தால், வாய் குறுகி எல்லாம் நடுவில் குவியும். (அந்த வலைக்கு வந்த தடையும் வழக்கும் தனிக் கதை.) உள்நோக்கிய வேகம் நொடிக்கு 250 கி.மீ. அளவுக்குப் போகும். கடைசியில் நிற்பது 1.2 மி.மீ. ஆரமும் ஒன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரமும் கொண்ட ஒரு பிளாஸ்மா நூல். அதன் மேற்பரப்பில் காந்தப்புலம் 20 டெஸ்லா, அதாவது சென்னையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புவிக்காந்தத்தைப் போல ஐந்து லட்சம் மடங்கு. அந்தப் புலம் தரும் நெரிசல் 1,600 வளிமண்டல அழுத்தம். வெப்பநிலை ஒரு கோடி டிகிரி வரிசையில். ஆயுள் சுமார் 10 நானோ நொடி.

நியூட்ரான் எங்கிருந்து வருகிறது

“ஒரு கோடி டிகிரி, அதனால் இணைவு” என்று பல கட்டுரைகள் இந்த இடத்தில் முடித்துவிடும். அது பாதி உண்மைகூட இல்லை. அந்தச் சூட்டில், அந்த அடர்த்தியில், அந்த 10 நானோ நொடியில் வெப்பத்தால் மட்டும் நடக்கும் இணைவு, அளந்து பார்க்கும் நியூட்ரான் எண்ணிக்கைக்குக் கொஞ்சமும் எட்டாது.

உண்மையில் நடப்பது வேறு. குழாயை லேசாகத் திறந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழ விடுங்கள். கொஞ்ச தூரம் இறங்கியதும் தாரை அங்கங்கே இடுப்பு போலக் குறுகி, துளித்துளியாக அறுந்துபோகும். பிளாஸ்மா நூலும் அப்படியே அறுகிறது, காரணம் மட்டும் வேறு. மின்னோட்டம் ஒன்றுதான், ஆனால் ஆரம் குறைந்த இடத்தில் காந்தப்புலம் கூடுகிறது. கூடிய புலம் இன்னும் நெரிக்கிறது, ஆரம் இன்னும் குறைகிறது. இப்படி வளர்ந்து நூல் அறும்போது மின்சுற்றின் இண்டக்டன்ஸ் திடீரென மாறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றரை லட்சம் ஆம்பியரை அப்படித் தடுத்தால், கெபாசிட்டரில் ஏற்றிய வோல்டேஜையே மிஞ்சும் மின்னழுத்தம் அந்த இடத்தில் எழும். அது டியூட்டீரிய அயனிகளைப் பிடித்து ஆனோடிலிருந்து விலகும் திசையில் வீசுகிறது. ஐம்பது, நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு போகும் அந்த அயனிக் கற்றை, எதிரே உள்ள பிளாஸ்மாவிலும் வாயுவிலும் மோதுகிறது. பெரும்பாலான நியூட்ரான்கள் பிறப்பது அங்கேதான்.

அதாவது பிளாஸ்மா ஃபோகஸ் பெரும்பங்கு ஒரு துகள் முடுக்கி போல வேலை செய்கிறது. ஆனோடுக்கு நேர் மேலே வைத்த அளவுக்கருவியில் பக்கவாட்டில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவும், சற்றுக் கூடிய ஆற்றலோடும் நியூட்ரான்கள் விழுவது இதற்குச் சாட்சி. வெப்பத்தால் மட்டும் பிறந்திருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

அதே நேரத்தில் எலக்ட்ரான் கற்றை எதிர்த்திசையில் ஆனோடின் முகத்தில் மோதுகிறது. முகம் தட்டையாக இருந்தால் செம்பு ஆவியாகிப் பிளாஸ்மாவைக் கெடுக்கும், வன் எக்ஸ்-கதிரும் அதிகமாகும். நுனியைக் குழிவாகக் கடைவது அதனால்தான்.

கெட்டுப்போகும் வழிகள்

சுடுகிறது, சத்தம் வருகிறது, நியூட்ரான் மட்டும் இல்லை. இந்தத் துறையில் மிகச் சாதாரணமான நிலைமை இது. முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். வாயு குறைவாக இருந்தால் படலம் லேசாகி, மின்னோட்டம் உச்சம் தொடுமுன்பே நுனிக்குப் போய்விடும். தொடக்க முறிவும் சீராக இல்லாமல் ஆரக்கால் போலப் பிரிந்துபோகும். வாயு அதிகமானால் படலம் கனத்து, உச்சம் கடந்து ஆறிப்போனபின் வந்து சேரும். படலத்தின் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் பயண நேரம் இரு மடங்காகும்.

அடுத்தது பைரெக்ஸ் உறை. ஒவ்வொரு சுடுதலிலும் கொஞ்சம் செம்பு அதன்மேல் படியும். படிவு தடித்துவிட்டால் மின்சாரம் அந்தச் செம்புப் பாதையிலேயே குறுக்கே ஓடிவிடும், படலம் உருவாகாது. நுண்ணிய விரிசல் விழுந்தாலும் முறிவு ஒருபக்கமாகச் சாயும். புதிய உறையை மாட்டியதும் முதல் சில சுடுதல்களில் நல்ல ஃபோகஸ் வராது, மேற்பரப்பு பழக வேண்டும். இதை அறியாமல் உறையே சரியில்லை என்று கழற்றி மறுபடி புதிதை மாட்டுவோர் உண்டு. அது ஒருபோதும் முடியாத வேலை.

மூன்றாவது இண்டக்டன்ஸ். ஒரு மீட்டர் சாதா வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. 110 நானோஹென்றி சுற்றில் அப்படி ஒரு மீட்டர் வயரைச் சேர்த்தால் உச்ச மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு விழும். நியூட்ரான் எண்ணிக்கை மின்னோட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுகிறது, ஆகவே அது நூறில் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு உச்சமும் 9 மைக்ரோ நொடிக்குத் தள்ளிப்போகும், சந்திப்பே நடக்காது. கெபாசிட்டரையும் கலத்தையும் ஒட்டி வைப்பதும், பல கேபிள்களை இணையாகப் போடுவதும் இதற்காகத்தான்.

கடற்கரையை ஒட்டிய ஆய்வகத்துக்கு இன்னொரு தலைவலி ஈரம். திருவொற்றியூர், எண்ணூர் காற்றில் உப்பும் புழுக்கமும் சேர்ந்திருக்கும். இன்சுலேட்டர்மேல் உப்புத் தூசி படிந்து ஈரம் ஏறினால், 15 கிலோவோல்ட் அந்தப் பரப்பிலேயே ஊர்ந்து பொறி தட்டும். ஸ்பார்க் கேப்பில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் முழு வோல்டேஜ் ஏறுமுன் தானாகவே வெடிக்கும். வாரம் ஒருமுறை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பதும், அறையை ஏ.சி.யில் உலர வைப்பதும் இங்கே ஆடம்பரம் ஆகாது. கலத்தை மழைநாளில் திறந்து வைத்தால் உட்சுவரில் நீராவி ஒட்டிக்கொள்ளும். பிறகு மணிக்கணக்கில் பம்ப் ஓடினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து டியூட்டீரியத்தில் கலக்கும். சில சுடுதலுக்கு ஒருமுறை வாயுவை மாற்றுவதற்கும் இதே காரணம்: செம்பும் ஆக்சிஜனும் கொஞ்சம் கலந்தாலே நியூட்ரான் சரிந்துவிடும்.

நடந்தது என்று எப்படித் தெரியும்

ரோகோவ்ஸ்கி சுருள் எனும் வளையத்தை மின்பாதையைச் சுற்றி மாட்டி, மின்னோட்டத்தை ஆசிலோஸ்கோப்பில் (மின்மாற்றத்தைத் திரையில் கோடாக வரையும் கருவி) பார்ப்பார்கள். சைன் அலை போல எழும் கோடு உச்சத்துக்கு அருகே சட்டென்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது. பள்ளம் கூர்மையாக, ஆழமாக இருக்க வேண்டும். வழுவழுப்பாகப் போனால் அன்றைக்கு வாயுவும் கரன்ட்டும் வீண். ஆசிலோஸ்கோப்பைச் செம்பு வலைக் கூண்டுக்குள் வைக்காவிட்டால், திரையில் தெரிவது பள்ளமா மின்காந்த இரைச்சலா என்று பிரிக்க முடியாது.

நியூட்ரானை எண்ண வெள்ளி உதவுகிறது. மெழுகு அல்லது பாலித்தீன் கட்டையில் வேகம் குறைந்த நியூட்ரான்களை வெள்ளித்தகடு பிடித்துக் கதிரியக்கமாகிறது. அதில் ஒரு பகுதி 24.6 நொடி அரை ஆயுளில் சிதைவதை, சத்தமெல்லாம் அடங்கியபின் நிதானமாக கைகர் குழாயில் எண்ணிக்கொள்ளலாம். வேகமான முறை சின்டிலேட்டர், அதாவது கதிர் பட்டால் மின்னும் பொருள். 3 மீட்டர் தள்ளி வைத்தால் எக்ஸ்-கதிர் 10 நானோ நொடியில் வந்துவிடும், 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் வர சுமார் 140 நானோ நொடி ஆகும். திரையில் இரண்டு மேடு இந்த இடைவெளியில் தெரிந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

இதில் மின்சாரம் எடுக்கலாமா

நன்றாக ஓடும் இந்தக் கருவி ஒரு சுடுதலுக்குச் சுமார் 10 கோடி நியூட்ரான் தரும். மறுபாதி வினையையும் சேர்த்து 20 கோடி இணைவு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆற்றலாக மாற்றினால் ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். போட்டது 3,375 ஜூல், ஆக வந்தது ஏறக்குறைய மூன்று கோடியில் ஒரு பங்கு.

பெரிதாகக் கட்டினால் தீராதா? நியூட்ரான் எண்ணிக்கை கெபாசிட்டர் வங்கியின் (கெபாசிட்டர் அடுக்கின்) ஆற்றலின் வர்க்கத்தில் கூடும் என்பதால் ஆரம்பகால ஆர்வலர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் மெகாஜூலை நெருங்கும்போது ஏற்றம் தளர்ந்துவிடுகிறது. ஓடும் படலமே சில மில்லி ஓம் மின்தடை போல நடந்துகொள்கிறது. கெபாசிட்டர்களை அடுக்க அடுக்க வங்கியின் சொந்த மறிப்பு (மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) குறையும், படலத்தின் தடை குறையாது. ஒரு கட்டத்துக்கு மேல் மின்னோட்டம் கூடுவதில்லை. போலந்தின் வார்சாவில் உள்ள 1 மெகாஜூல் அளவிலான பி.எஃப்.-1000 கருவி தருவது 10,000 கோடி நியூட்ரான் வரிசையில். அதையும் ஆற்றலாக்கினால் ஒரு ஜூலைக்கூட எட்டாது. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் டியூட்டீரியத்துக்குப் பதில் ஹைட்ரஜன்-போரானை எரிபொருளாக்கும் இலக்கோடு இதே கருவியில் முயன்று வருகிறது. அந்த வினைக்கு இன்னும் பல மடங்கு அதிகச் சூடு வேண்டும். மின்நிலையமாக இது அனல்மின் நிலையத்துக்கு மாற்றாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நொடிக்குள் அணைந்துவிடும் நியூட்ரான் மூலமாக, எக்ஸ்-கதிர் மூலமாக, உலோகப் பரப்புகளைச் சோதிக்கும் சுத்தியலாக, மாணவர்களுக்குப் பிளாஸ்மாவைக் கற்றுத்தரும் வகுப்பறையாக இதன் மதிப்பு வேறு.

தொடங்க விரும்புவோருக்கு

வீட்டில் கட்டிப்பார்க்கும் பொருள் இதுவல்ல. மருத்துவமனையில் நின்ற இதயத்தை எழுப்பும் டிஃபிப்ரிலேட்டர் அதிகபட்சம் 360 ஜூல் தரும், இந்தக் கெபாசிட்டரில் இருப்பது அதைப்போல ஒன்பது மடங்கு. மின்னிறக்கிய பிறகும் உள்ளே ஒளிந்திருக்கும் மின்னூட்டம் மெல்ல மெல்ல வோல்டேஜாகத் திரும்பி வரும். அதனால் ஆய்வகங்களில் எர்த் ராடை ஒருமுறை தொட்டுவிட்டு எடுப்பதில்லை, வேலை முடியும் வரை முனைகளில் மாட்டியே வைக்கிறார்கள், தனியாளாக யாரும் உள்ளே போவதில்லை. நியூட்ரானும் எக்ஸ்-கதிரும் வருவதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் பொருந்தும்.

ஆனால் ஒரு லேப்டாப் போதும், கருவியைக் கணக்கில் ஓட்டலாம். சிங் லீ உருவாக்கிய கணிப்பு மாதிரி எக்செல் தாளாகவே கிடைக்கிறது. 110 நானோஹென்றி, 30 மைக்ரோஃபாரட், சுற்றின் மின்தடை 12 மில்லி ஓம், கேத்தோடு ஆரம் 3.2 செ.மீ., ஆனோடு ஆரம் 0.95 செ.மீ., நீளம் 16 செ.மீ. என்று நிரப்புங்கள். படலம் எவ்வளவு வாயுவை, எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கிறது என்று கேட்கும் நான்கு பெட்டிகளில் 0.08, 0.7, 0.16, 0.7 போடுங்கள். மின்னழுத்தம் 15 கிலோவோல்ட், டியூட்டீரியம் 3.5 டார் (அழுத்த அலகு, சுமார் 4.7 மில்லிபார்). ஓட்டினால் மின்னோட்டக் கோட்டில் பள்ளம் உச்சத்தின் அருகே விழும். அழுத்தத்தை 1 டாராக்கினால் பள்ளம் இடப்பக்கம் நகர்ந்து மின்னோட்டம் ஏறிக்கொண்டிருக்கும் சரிவில் உட்காரும், 10 டாராக்கினால் வலப்பக்கம் போய் மங்கும். பிறகு 110 என்ற எண்ணை அழித்துவிட்டு 1,110 என்று தட்டிப் பாருங்கள். அந்த ஒரு மீட்டர் வயர் என்ன செய்கிறது என்று கோடே காட்டும்.